முதலில் ரூட்டிங் டேபிள், அப்புறம் புரோட்டோகால்

நெட்வொர்க் சொல்லிக் கொடுக்கும் நண்பர்களுக்கு,



பயிற்சி நிலையங்களில் வகுப்பெடுப்பவர்கள், கல்லூரியில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பாடம் நடத்துபவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கும் சீனியர் என்ஜினியர்கள் என உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நானும் இதே வேலையில் இருப்பவன்தான். கேட்க வந்தது ஒரே விஷயம். சிஸ்டம் அட்மின்களுக்கும் டெவலப்பர்களுக்கும் ரூட்டிங் நடத்தும்போது புரோட்டோகாலில் ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் கையில் இருக்கும் லேப்டாப்பின் ரூட்டிங் டேபிளில் ஆரம்பியுங்கள்.

நம்மில் பலர் நடத்தும் வரிசை உங்களுக்குத் தெரியும். ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்கு, கிளாஸ் ஏ, பி, சி, சப்நெட் கணக்கு, பிறகு ரிப், ஓஎஸ்பிஎஃப், ஈஐஜிஆர்பி, நேரம் மிச்சமிருந்தால் பிஜிபி. ரூட்டர்களை நிர்வகிக்கப் போகிறவர்களுக்காக, சான்றிதழ் தேர்வை மனதில் வைத்துப் போட்ட வரிசை அது. அந்த வேலைக்கு அது சரி. ஆனால் நம் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஜாவா டெவலப்பர் ஒரு ரூட்டரில்கூட ரிப்பை கான்ஃபிகர் செய்யப் போவதில்லை. 1993-இல் சிஐடிஆர் வந்ததோடு கிளாஸ் முறைக்கு வேலை முடிந்துவிட்டது. இன்றும் வகுப்பின் முதல் மணி நேரத்தை அது எடுத்துக்கொள்கிறது. ரிப்பில் 15 ஹாப்தான் எல்லை என்று மனப்பாடமாகச் சொல்லும் ஒருவரிடம், "உங்க சர்வர்லேருந்து டேட்டாபேஸுக்குப் போற பாக்கெட் எந்த இன்டர்ஃபேஸ் வழியா வெளியே போகுது?" என்று கேட்டால் விழிக்கிறார். குறை அவரிடம் இல்லை. அந்தக் கேள்வியை வகுப்பில் யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.

முன்பெல்லாம் இது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. ரூட்டிங் என்பது நெட்வொர்க் டீமின் ரூட்டர்களுக்குள் இருந்தது. மற்றவர்கள் டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். இன்று ரூட்டிங் முடிவுகளில் பாதியை எடுப்பவர் டெவலப்பர். ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு சப்நெட் பப்ளிக்கா பிரைவேட்டா என்பதை அதன் ரூட் டேபிளில் இருக்கும் ஒரே வரி தீர்மானிக்கிறது: 0.0.0.0/0 இன்டர்நெட் கேட்வேயைக் காட்டினால் பப்ளிக், இல்லாவிட்டால் பிரைவேட். அந்த வரியை டெராஃபார்ம் கோப்பில் எழுதுபவர் டெவலப்பர். மாதிரிக் கோப்பிலிருந்து 10.0.0.0/16 என்பதை அப்படியே எடுத்து ஒட்டுபவரும் அவரே. இரண்டு டீம்கள் அதையே ஒட்டிவிட்டால், பின்னால் அந்த இரண்டு விபிசிகளையும் பியரிங்கில் இணைக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்துக்கு முகவரி மாற்றுவது எத்தனை பெரிய வேலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குபர்னெட்டிஸிலும் இதேதான். ஃபிளானல் பொதுவாக 10.244.0.0/16-ஐ எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நோடுக்கும் ஒரு /24 கொடுக்கிறது. காலிகோ, நோடுகளுக்கிடையே பிஜிபியே பேச வல்லது. அதாவது கிளஸ்டரில் ஒவ்வொரு நோடும் ஒரு ரூட்டர். சர்வர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டம் அட்மின், தான் ஐம்பது ரூட்டர்களை நிர்வகிக்கிறோம் என்பது தெரியாமலே நிர்வகித்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

எதைச் சொல்லிக் கொடுப்பது? ஒரு மெஷின், ஒரு பாக்கெட், ஒரு முடிவு. முன்பின் தெரியாத ஊருக்கு முச்சந்திக்கு முச்சந்தி வழி கேட்டுக்கொண்டே போவது போலத்தான் பாக்கெட் போகிறது. ஒவ்வொரு இடத்திலும் "அந்தப் பக்கம் போங்க" என்று அடுத்த முச்சந்தி வரைக்கும்தான் வழி கிடைக்கும். முழு வழியும் யார் கையிலும் இருக்காது. இதை மட்டும் ஆழமாகப் பதிய வைத்தால் மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும். ஒவ்வொரு ஹாப்பும் தன் டேபிளை மட்டும் பார்க்கிறது. வழக்கமாகச் சேருமிட முகவரியை மட்டும் பார்க்கிறது. பதில் பாக்கெட் திரும்பும்போது, வந்த வழியை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. முதலிலிருந்து மறுபடி வழி கேட்க வேண்டும்.

அடுத்தது, அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பது. சேர வேண்டிய முகவரி என் சப்நெட்டிலேயே இருக்கிறதா? இருந்தால் அந்த மெஷினின் மேக் முகவரியை ஏஆர்பி மூலம் நேரடியாகக் கேட்கிறேன். இல்லாவிட்டால் கேட்வேயின் மேக் முகவரியைக் கேட்டு, பாக்கெட்டை அதனிடம் தள்ளுகிறேன். பாக்கெட்டின் மேல் ஐபி முகவரி கடைசி வரை அப்படியே இருக்கும், நடுவில் நாட் இல்லாத வரை. மேக் முகவரி ஹாப்புக்கு ஹாப் மாறும். கேட்வேயின் ஐபி முகவரி பாக்கெட்டில் எங்குமே எழுதப்படுவதில்லை என்பதைக் கேட்டதும் பல வருட அனுபவமுள்ள அட்மின்கள்கூட ஆச்சரியப்படுகிறார்கள். சப்நெட் மாஸ்க் எதற்கு என்ற கேள்விக்கு இங்கேதான் உயிர் வருகிறது: "இவன் பக்கத்தில் இருக்கிறானா, வெளியில் இருக்கிறானா" என்று முடிவு செய்யத்தான் மாஸ்க். இதைப் பார்த்த பிறகு பைனரி கணக்கு போடச் சொன்னால் யாரும் சலித்துக்கொள்வதில்லை.

அதற்கடுத்து, டேபிளில் இரண்டு வரி பொருந்தினால் எது ஜெயிக்கும் என்பது. ஒரு டெவலப்பரின் லினக்ஸ் லேப்டாப்பையே எடுத்துக்கொள்வோம். 'ஐபி ரூட்' என்று கொடுத்தால் நான்கு வரி வருகிறது என்று வையுங்கள். டிஃபால்ட் ரூட் 10.20.30.1 என்ற கேட்வேக்கு. 10.20.30.0/24 வைஃபை இன்டர்ஃபேஸுக்கு. 172.16.0.0/12 விபிஎன் டன்னலுக்கு. டாக்கரை இன்ஸ்டால் செய்தபோது அது தானாகவே சேர்த்துக்கொண்ட 172.17.0.0/16 டாக்கரின் பிரிட்ஜுக்கு. அலுவலகத்து டெஸ்ட் சர்வரின் முகவரி 172.17.20.5. டீமில் மற்ற எல்லோருக்கும் அந்த சர்வர் கிடைக்கிறது, இவருக்கு மட்டும் இல்லை. விபிஎன்னை நிறுத்தி மறுபடி போடுகிறார், பாஸ்வேர்டு மாற்றுகிறார், லேப்டாப்பையே மாற்றித் தரச் சொல்கிறார்.

வகுப்பில் இதை அப்படியே உருவாக்கி, 'ஐபி ரூட் கெட் 172.17.20.5' என்று டைப் செய்யச் சொல்லுங்கள். பாக்கெட் டாக்கர் பிரிட்ஜுக்குப் போகிறது என்று கெர்னலே சொல்லிவிடும். /12-உம் பொருந்துகிறது, /16-உம் பொருந்துகிறது. நீளமான பிரிஃபிக்ஸுக்குத்தான் பாக்கெட் போகும். டாக்கரின் கான்ஃபிகரேஷனில் பிரிட்ஜின் முகவரியை வேறு ரேஞ்சுக்கு மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது. இந்தக் கட்டளையைத் தெரிந்துகொண்ட டெவலப்பர் அதற்குப் பிறகு ஊகத்தில் நேரத்தைத் தொலைப்பதில்லை. எந்த முகவரிக்கு எந்த வழி என்று மெஷினிடமே கேட்கிறார்.

லேப்டாப்புக்குள் நடந்த இதே விதிதான் 2008 பிப்ரவரி 24 அன்று உலகத்தின் பெரும்பகுதிக்கு யூடியூபை இல்லாமல் செய்தது. யூடியூபைத் தடுக்கச் சொல்லிப் பாகிஸ்தானில் அரசு உத்தரவு வந்தது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் தடுப்பதற்காக 208.65.153.0/24 என்ற ரூட்டைப் போட்டது. அது பிசிசிடபிள்யூ என்ற நிறுவனம் வழியாக வெளியுலகத்துக்கும் கசிந்தது. யூடியூப் தன் பங்குக்கு அறிவித்திருந்தது 208.65.152.0/22. /22-ஐவிட /24 நீளம். உலகின் ரூட்டர்கள் டேபிளைப் பார்த்துத் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தன. பாக்கெட்டுகள் பாகிஸ்தான் போயின. யூடியூப் முதலில் அதே /24-ஐத் தானும் அறிவித்தது, பிறகு அதை இரண்டு /25-ஆகப் பிரித்து அறிவித்தது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நீடித்த குழப்பம், பிசிசிடபிள்யூ அந்த ரூட்டை நிறுத்திய பிறகுதான் முழுமையாக அடங்கியது. டாக்கர் உதாரணம் புரிந்தவருக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். பிஜிபியிலிருந்து தொடங்கினால் ஒரு முழு நாள் போதாது.

இனி நான் மிக அழுத்திச் சொல்ல விரும்பும் இடம்: திரும்பும் வழி. அலுவலக நெட்வொர்க் 192.168.40.0/24. கிளவுட்டில் 10.50.0.0/16. நடுவில் விபிஎன். அலுவலகத்திலிருந்து 10.50.3.20 என்ற ஆப் சர்வருக்கு ஒருவர் கனெக்ட் செய்கிறார், டைம் அவுட். பாக்கெட் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சர்வர் பதிலும் அனுப்பியது. ஆனால் அந்த சப்நெட்டின் ரூட் டேபிளில் 192.168.40.0/24-க்கு வரியே இல்லை. அதனால் பதில், டிஃபால்ட் ரூட்டைப் பிடித்து நாட் கேட்வே பக்கம் போய்த் தொலைந்துவிட்டது.

அந்த டெவலப்பர் என்ன செய்வார்? அவருக்குத் தெரிந்த ஒரே காரணம் ஃபயர்வால். செக்யூரிட்டி குரூப்பில் ஒரு போர்ட்டைத் திறக்கிறார், சரியாகவில்லை. எல்லா போர்ட்டையும் திறக்கிறார், சரியாகவில்லை. எந்த முகவரியிலிருந்தும் வரலாம் என்று திறந்துவிடுகிறார், அப்போதும் சரியாகவில்லை. கடைசியில் யாரோ ஒருவர் ரூட்டைச் சேர்த்துப் பிரச்சினையைத் தீர்க்கிறார். திறந்த கதவுகளை மூட யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. ரூட்டிங் தெரியாமை இப்படித்தான் பாதுகாப்புப் பிரச்சினையாக மாறுகிறது. ரூட்டிங் அடிப்படையைச் சொல்லிக் கொடுப்பது பாதுகாப்பு வேலையும்தான் என்று உங்கள் மேலாளர்களிடம் வாதாட இந்த ஒரு காரணமே போதும்.

எரர் மெசேஜ்களைப் படிக்கவும் சொல்லிக் கொடுங்கள். இதற்கென்று யாரும் வகுப்பு எடுப்பதில்லை. 'நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்' என்று வந்தால் பெரும்பாலும் நம் மெஷினின் டேபிளிலேயே வழி இல்லை. பாக்கெட் வெளியே கிளம்பவே இல்லை. நம் சொந்த முகவரியிலிருந்தே 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்தால், வழி இருக்கிறது, ஆனால் அடுத்த ஹாப் ஏஆர்பிக்குப் பதில் சொல்லவில்லை. 'டைம்டு அவுட்' என்றால் பாக்கெட் கிளம்பிவிட்டது, பதில் மட்டும் வரவில்லை. போகும் வழியிலும் தொலைந்திருக்கலாம், வரும் வழியிலும் தொலைந்திருக்கலாம், ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கியும் இருக்கலாம். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் சந்தோஷப்பட வேண்டும்: பெரும்பாலும் போக்கும் வரவும் இரண்டுமே சரி, அந்த போர்ட்டில்தான் யாரும் இல்லை. "ரெஃப்யூஸ்டுன்னு வருது, ரூட் பிரச்சினை போல" என்று நெட்வொர்க் டீமுக்கு வரும் டிக்கெட்டுகள் இந்த ஒரு பாடத்தால் பெருமளவு குறையும்.

டிரேஸ்ரூட்டையும் இப்படியே. 1980-களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்ஸன் எழுதிய அந்தக் கருவி, டிடிஎல்லை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போய், வழியில் ஒவ்வொரு ரூட்டரையும் 'டிடிஎல் தீர்ந்துவிட்டது' என்று சொல்ல வைக்கிறது. நடுவில் ஒரு ஹாப்பில் நட்சத்திரக் குறி வந்தால் அங்கே கோளாறு என்று அர்த்தமில்லை. அடுத்த ஹாப்புகள் பதில் சொன்னால் அந்த ரூட்டர் இந்தப் பதிலைத் தருவதில்லை, அவ்வளவுதான். அதைவிட முக்கியம், டிரேஸ்ரூட் காட்டுவது போகும் வழியை மட்டும். வரும் வழியைப் பார்க்க வேண்டுமென்றால் எதிர்முனையிலிருந்தும் ஓட்ட வேண்டும். இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாதவர் கையில் டிரேஸ்ரூட் கொடுத்தால், தப்பான ஹாப்பைக் கைகாட்டுவார்.

இதையெல்லாம் படம் போட்டுக் காட்டினால் போதாது, கையால் செய்ய வேண்டும். அதற்கு ரூட்டர் வாங்க வேண்டியதில்லை. ஒரு லினக்ஸ் மெஷினில் 'ஐபி நெட்என்எஸ்' கொண்டு மூன்று நேம்ஸ்பேஸ் உருவாக்குங்கள்: கிளையன்ட் 10.1.1.2, நடுவில் ரூட்டர் 10.1.1.1 மற்றும் 10.2.2.1, அந்தப் பக்கம் சர்வர் 10.2.2.2. ரூட் எதுவும் சேர்க்காமல் பிங் செய்யச் சொல்லுங்கள், அன்ரீச்சபிள். கிளையன்டில் டிஃபால்ட் ரூட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள்; ரூட்டரில் ஐபி ஃபார்வர்டிங்கை அணைத்தே வைத்திருங்கள். இப்போது 10.2.2.1 பதில் சொல்லும், 10.2.2.2 சொல்லாது. ஏன் என்று அவர்களே யோசிக்கட்டும். ரூட்டரின் இரண்டு இன்டர்ஃபேஸிலும் டிசிபி-டம்ப் போட்டால் பாக்கெட் ஒரு பக்கம் நுழைவதும் மறுபக்கம் வெளியேறாததும் கண்ணுக்குத் தெரியும். ஃபார்வர்டிங்கை இயக்கினால் பாக்கெட் சர்வர் வரை போய்விடும், ஆனாலும் பிங் வராது. சர்வரில் திரும்பும் ரூட் இல்லை. அதையும் சேர்த்ததும் பிங் வரும்.

இந்தப் பயிற்சியில் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் விடையைச் சொல்லிவிடும் ஆசை நமக்கு வரும். அடக்கிக்கொள்ளுங்கள். பாக்கெட் எங்கே நின்றது என்று தானே கண்டுபிடித்தவர் அதை மறப்பதில்லை.

புரோட்டோகால்கள் இதற்குப் பிறகு வரட்டும். அப்போது கேள்வி அவர்களிடமிருந்தே வரும்: "மூணு மெஷினுக்கு நாமே ரூட் போட்டோம், மூவாயிரம் இருந்தா யார் போடுவாங்க?" ஓஎஸ்பிஎஃப் அதற்கான விடை. டெவலப்பர்களிடம் இங்கே ஒரு பிடி இருக்கிறது: டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட குறுகிய பாதை அல்காரிதத்தை அவர்கள் டேட்டா ஸ்ட்ரக்சர் லேபில் எழுதித் தேர்ச்சியும் பெற்றிருப்பார்கள். அதே அல்காரிதம்தான் ஒவ்வொரு ஓஎஸ்பிஎஃப் ரூட்டருக்குள்ளும் ஓடுகிறது என்று சொல்லுங்கள். டிரை என்ற அமைப்பையும் படித்திருப்பார்கள்; லினக்ஸ் கெர்னல் ஐபிவி4 ரூட்டுகளைத் தேடுவது ஒருவகை டிரையில்தான். தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைத்துத்தான் நெட்வொர்க் ஓடுகிறது என்று அறியும்போது அவர்களிடமிருந்த பயம் விலகிவிடும்.

பிஜிபியைக் கடைசியில் ஒரு அமர்வில் சொன்னால் போதும். ஆனால் சொல்லாமல் விடாதீர்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியது. பேக்போனின் கொள்ளளவைப் பார்க்கக் கொடுத்த ஒரு கட்டளை பேக்போனையே துண்டித்தது. டேட்டா சென்டர்களோடு தொடர்பு அற்ற டிஎன்எஸ் சர்வர்கள், அமைத்திருந்தபடியே தங்கள் பிஜிபி ரூட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றுக்குப் போக வழிதான் இல்லை. சரிசெய்யும் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் என்ஜினியர்கள் நேரில் போக வேண்டியிருந்தது. அவசரத்துக்கு உள்ளே நுழையும் வழி, தினசரி வழியைச் சார்ந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு சிஸ்டம் அட்மினும் தன் சர்வர் அறைக்கும் பொருத்திப் பார்க்க வேண்டிய பாடம் இது.

இன்னும் இரண்டு வேண்டுகோள். முதலாவது, தமிழில் விளக்குங்கள். ரூட், கேட்வே, சப்நெட் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவற்றுக்கு நடுவில் வரும் 'ஏன்', 'எப்படி' எல்லாம், மாணவர் சந்தேகம் கேட்கக் கூச்சப்படாத மொழியில் இருக்கட்டும். இரண்டாவது, பார்க்கும் உரிமையைக் கொடுங்கள். ரூட் டேபிளையும் நிறுவனத்தின் முகவரித் திட்டத்தையும் டெவலப்பர்கள் படிக்கவாவது விடுங்கள். எந்த ரேஞ்ச் யாருக்கு என்று தெரியாதவரிடம் ஏன் மோதுகிற ரேஞ்சை எடுத்தாய் என்று கேட்பது நியாயமில்லை. இந்த அறிவை நம்மிடமே பூட்டி வைத்தால் நடு இரவில் போன் வருவது நமக்குத்தான். அந்த நேரம் முழுக்கச் சேவை கிடைக்காமல் தவிப்பது மருந்துக்கும் டிக்கெட்டுக்கும் பணத்துக்கும் அந்த சிஸ்டங்களை நம்பியிருக்கும் சாதாரண மக்கள்.

வகுப்பு பலித்ததா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் மதிப்பெண் அல்ல. "நெட்வொர்க் ஸ்லோ, பார்க்கவும்" என்று வந்துகொண்டிருந்த டிக்கெட் வேறு மாதிரி வரத் தொடங்க வேண்டும்: இரண்டு முனையிலும் எடுத்த டிசிபி-டம்ப், 'ஐபி ரூட் கெட்' காட்டிய வரி, கீழே "10.50.3.0/24-லேருந்து 192.168.40.0/24-க்குத் திரும்பும் ரூட் இல்லைன்னு நினைக்கிறேன், சேர்க்க முடியுமா?" என்ற கேள்வி. அப்படி ஒரு டிக்கெட் வந்தால், எழுதியவரைக் கூப்பிட்டுப் பாராட்டுங்கள். அடுத்த குழுவுக்கு அந்த லேப் பயிற்சியை நடத்தும் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ரூட்டிங் சொல்லிக் கொடுக்கும் ஒரு நெட்வொர்க் என்ஜினியர்